நேசபாய் நினைத்தாள்

"அப்பொழுது நேசபாய் தன் உள்ளத்தில் நினைத்தாள்" என்று போதகர் சத்தியராஜ் வாசித்ததும், பெண்கள் பக்கத்துப் பாயில் குனிந்து உட்கார்ந்திருந்த ஜெபகனி தலையை நிமிர்த்தினாள்.

பிரசங்கம் முடிந்து அறிவிப்புகளும் முடிந்திருந்தன. போதகர்தான் சபைப் பத்திரிகைக்கும் ஆசிரியர். அந்த மாதத்து இதழில் வந்திருந்த 'ஒரு விசுவாசியின் கடைசி வேளை' என்ற கட்டுரையைச் சபையார் எல்லாரும் கேட்க வேண்டும் என்று அவரே எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். எழுதியவர் ஞானதாசன், காஞ்சிரவிளைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். பிரசங்கமும் செய்வார். இரணியல் தொடங்கி தக்கலை வரைக்கும் எந்த ஊரில் நற்செய்திக் கூட்டம் நடந்தாலும் அவர் பெயர் நோட்டீசில் இருக்கும். இறந்துபோன நேசபாய் அவருடைய மனைவி. ஜெபகனியின் அக்கா. ஜெபகனியும் பள்ளிக்கூட டீச்சர்தான்.

"'ஆண்டவரே, என் கணவரின் ஜெபமே எனக்கு ஔஷதம். மனிதர் கையால் வரும் சுகம் எனக்கு வேண்டாம். நான் போனாலும் உமது நாமம் மகிமைப்படட்டும்.' இவ்விதமாக நினைத்து, புன்னகையோடு கண்களை மூடினாள்."

போதகரின் குரல் தழுதழுத்தது. பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் பரவியது. ஜெபகனியின் பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா தேவகனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் ஓர் ஆறுதல் இருந்தது. ஜெபகனிக்கு அழுகை வரவில்லை. காதுமடல் இரண்டும் தீப்பட்டதுபோலச் சுட்டன. புன்னகையோடு கண்களை மூடினாளாம். நேசபாயின் கண்கள் மூடவே இல்லை. வாசல் பக்கம் பார்த்தபடி திறந்தே கிடந்தன. அவற்றை இழுத்து மூடியது ஜெபகனியின் விரல்கள்தான். முதல் தடவை மூடியபோது ஒரு கண் மறுபடியும் திறந்துகொண்டது. அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கோயில் விட்டதும் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உனக்க அக்கா பாக்கியவதி பிள்ளே. அப்பிடி ஒரு சாவு யாருக்குக் கிட்டும்?" என்றாள் ஒருத்தி. கையை உருவிக்கொண்டு ஜெபகனி வெளியே வந்தாள். ஆண்கள் வாசலில் வெள்ளை ஜிப்பாவோடு நின்ற ஞானதாசனைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பார்க்கிறவர்களுக்கு மனசு இளகும்படி இருந்தது அவர் நின்ற நிலை.

நடந்தது இதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நேசபாய்க்கு உண்டான முதல் பிள்ளை. வலி தொடங்கி ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டிருந்தது. அம்மா, சுகமில்லாத தன் தம்பியைப் பார்க்கத் திருவட்டாற்றுக்குப் போயிருந்தாள். மருத்துவச்சி காலையிலேயே கையைக் கழுவிக்கொண்டு, "எனக்க கையில இல்ல, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டாள். ஜெபகனி ஓடிப்போய்ப் பக்கத்து விளை பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டாள். நெற்றியில் நாமமிட்ட அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தன் வீட்டுப் பாயை விரித்து, மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

ஞானதாசன் அறைக்குள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். கூட ஜெபக்குழுவினர் சிலர். முந்தின மாதம் தக்கலைக் கூட்டத்தில், மருந்தைத் தொடாமல் ஜெபத்தாலேயே காய்ச்சல் தீர்ந்த ஒருவரை மேடையில் ஏற்றி, விசுவாசமுள்ள வீட்டில் வைத்தியனுக்கு வேலை இல்லை என்று அவர் பேசியிருந்தார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அவர்களில் சிலர்தான் இப்போது இந்த அறையில் இருந்தார்கள்.

"அத்தான், வண்டி வந்தாச்சு."

"ஜெபம் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபகனி மறுபடியும் போனாள், மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை அவர் எழுந்து வாசலுக்கு வந்து, "பொன்னுலிங்கம், நீங்க போகலாம். கர்த்தர் காரியத்தைக் கையில எடுத்துட்டாரு" என்றார். பொன்னுலிங்கம் ஜெபகனியின் முகத்தைப் பார்த்தார். "டீச்சரே, நான் அந்த மொக்குல நிக்கேன். ஒரு சத்தம் குடுத்தா போரும்" என்று சொல்லி வண்டியை வளைவு வரை ஓட்டிப்போய் நிறுத்தினார். உச்சி வெயில் சாயும்வரை அங்கேயே நின்றார். நேசபாயைத் தூக்க ஜெபகனி ஒருத்தியால் முடியவில்லை. தூக்க வாருங்கள் என்று கேட்டபோது, அறையில் இருந்த ஆண்கள் ஞானதாசனின் முகத்தைப் பார்த்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் வண்டி தேவை இல்லாமல் போயிற்று.

கட்டுரையைக் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஜெபகனி ஞானதாசனின் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பத்திரிகையின் பிரதிகள் கட்டாக இருந்தன, வெளியூர்க் கூட்டங்களில் கொடுப்பதற்கு.

"அத்தான், அக்கா அப்பிடி நெனச்சாண்ணு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவ மனசு எனக்குத் தெரியாதா ஜெபகனி? கூட வாழ்ந்தவன் நான்."

"அவ வாயால ஒண்ணும் சொல்லலியா? நீங்க அங்கதான இருந்திய. என்னையக் கொண்டு போங்கண்ணு கத்தினாளே, அது எங்க?"

"வேதனையில பேசுகது மாம்சம்." கூட்டத்தில் பேசுவதுபோல அவர் குரல் தாழ்ந்து நிதானமாயிற்று. "மாம்சம் கதறத்தான் செய்யும். அதுக்கு உள்ள ஆத்துமா ஒண்ணு நெனச்சிட்டு இருக்கும். நான் அத எழுதினேன்."

அக்கா தொண்டை கிழியக் கத்திய வார்த்தையை மாம்சம் என்று தள்ளிவிட்டு, கேட்காத வார்த்தையை ஆத்துமா என்று எடுத்துக்கொண்டாரே. பேசிய வாய் செத்துவிட்டது. இனி பேசாத வாய் என்ன வேண்டுமானாலும் பேசும். இந்த மனிதருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பேசும்.

"அவ கத்தினது உங்களுக்குக் கேட்டுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

ஞானதாசன் எழுந்து உள்ளே போனார். கதவுக்கு அப்பால் அவர் இருமுவது மட்டும் கேட்டது. தூங்க முடியாமல்தான் இப்படி எழுதினாரோ, எழுதியதைத் தானே நம்பித்தான் நாளைத் தள்ளுகிறாரோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. அவர் மனசுக்குள் புகுந்து பார்த்து, அவருக்கு ஒரு நியாயத்தையும் தேடிக் கொடுக்க வேண்டுமா? அக்காவுக்கு அந்த மரியாதையை யார் கொடுத்தார்கள்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போதகரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ படிச்ச பிள்ளை" என்றார். "எழுத்துக்கு ஒரு நோக்கம் உண்டு மோளே. வாசிக்கவங்களுக்குப் பக்திவிருத்தி உண்டாகணும். அந்தக் கட்டுரைய வாசிச்சு எத்தனை பேரு ஆறுதல் அடைஞ்சிருக்காங்க தெரியுமா?"

"அது கதையா ஐயா?"

"கதையா? சாட்சி."

"கதைண்ணா நான் ஒண்ணும் கேக்க வரமாட்டேன். கதையில உள்ள ஆளு எழுதுகவருக்க சொந்த ஆளு. அந்த ஆளு என்ன நெனச்சாலும் அவரு இஷ்டம். எங்க அக்காவ இவரு உண்டாக்கல்ல. அவ பேசினத எல்லாம் விட்டுட்டு, பேசாதத எழுதியிருக்காரு. அதுக்குச் சாட்சிண்ணு பேரா?"

போதகர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "சரி. நீ பார்த்தத நீ எழுது. நான் பாக்கேன்" என்றார்.

ஜெபகனி அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். கோபத்தில் பேனா ஓடியது. முதல் பக்கம் முடிவதற்குள் அவள் எழுதியிருந்தாள்: 'அந்த நேரத்தில் நேசபாய், இந்த மனிதருக்கு என் உயிர் பெரிதா, இவருடைய பெயர் பெரிதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். இவர் என்னைக் கொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.'

வாசித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கல்லை எடுத்து எறிந்து அது குறியில் பட்டதுபோல ஒரு திருப்தி. இன்னொரு தடவை வாசித்தபோதுதான் அந்தத் திருப்தி போயிற்று. அக்கா எப்போது அப்படி நினைத்தாள்? நினைத்திருக்கலாம். அப்படி ஒன்றுமே நினைக்காமல் வலியை மட்டும் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கலாம். அத்தான்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம். கடைசிவரை அவருக்காக ஏதாவது ஒரு காரணத்தை மனசுக்குள் தேடிக்கொண்டும் இருந்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். எதுவும் தெரியாது. இந்த வரி அக்காவுடையது அல்ல, தன்னுடையது. தன் கோபத்தை அக்காவின் தலைக்குள் திணித்து, அங்கிருந்து எடுத்ததுபோலக் காட்டியிருக்கிறாள். அத்தான் செய்ததும் இதைத்தான். அவர் தேனைத் தடவினார், இவள் மிளகாயைத் தடவியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நேசபாய் இல்லை.

அந்த இரண்டு வரிகளையும் எழுத்து தெரியாதபடி அடித்தாள். அடிப்பது எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு, 'நினைத்தாள்' என்ற சொல்லே வராமல் எழுதத் தொடங்கினாள். யார் எங்கே நின்றார்கள், நேசபாய் என்ன சொன்னாள், எத்தனை முறை சொன்னாள், யார் என்ன பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் நேசபாய் கண்ணைத் திறந்து, 'மரச்சீனி அவிச்சியா?' என்று மரவள்ளிக்கிழங்கைப் பற்றிக் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று ஜெபகனிக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அதையும் எழுதினாள்.

போதகர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல ஆறுதலுக்கு ஒரு வரிகூட இல்லியே."

"அங்க இல்ல ஐயா."

"மரச்சீனி எதுக்கு இதுல?"

"அவ கேட்டா."

"மோளே, இது வந்தா ஞானதாசனுக்கு என்ன ஆகும்? அது போகட்டும், உனக்க அம்மைக்கு என்ன ஆகும்? அந்த ஒரு காகிதத்த வெச்சில்லா அவங்க மூச்சு விடுகாங்க." தாளை நாலாக மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். "போட முடியாது."

அம்மாவைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. தேவகனிக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரிகையின் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வேதபுத்தகத்துக்குள் வைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். திருவட்டாற்றிலிருந்து அவள் திரும்பி வந்தபோது பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். மகளின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது அந்தக் காகிதத்தில் இருந்த புன்னகை மட்டும்தான். அதையும் எப்படிப் பிடுங்குவது? அம்மா முன்னால் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் ஜெபகனி வாயைத் திறந்தாள், மூடினாள். அம்மாவும் ஒருநாளும், அங்கே என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தான் அந்தக் காகிதமோ என்று ஜெபகனிக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலை எங்கே கொண்டு போட என்று தெரியாமல் பானைகளைப் போட்டு உருட்டுவாள்.

ஆடி மாதக் காற்று ஓய்ந்து சில நாள் இருக்கும். சனிக்கிழமை காலையில் தறிக்காரன் ஜெயசிங்கின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஜெயசிங்கின் மனைவி அருள்பாய் முந்தின நாளிலிருந்து வலியில் கிடக்கிறாள், துணைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். அருள்பாய் ஜெபகனியிடம் படித்த பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தேவகனி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஜெபகனியும் கூடப் போனாள்.

வீட்டு முற்றத்தில் நுழையும்போதே ஜெபச் சத்தம் கேட்டது. ஞானதாசனின் குரல். ஜெபகனியின் கால் ஒரு நிமிஷம் ஊன்றி நின்றது.

உள்ளே அருள்பாய் வியர்வையில் நனைந்து கிடந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஜெயசிங் கதவோரம் நின்று வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பயராத மக்களே. நம்ம நேசபாய் எப்பிடி உறுதியா இருந்தா, வாசிச்சுக் கேட்டோம் இல்லியா. மனுஷன் கை வேண்டாம்ணு நெனச்சாளே. நீயும் அப்பிடி நெனச்சுக்க."

அருள்பாய் கண்ணைத் திருப்பி ஜெபகனியைப் பார்த்தாள். உதடு வறண்டிருந்தது.

"டீச்சர், நேசக்கா பயப்படல்லியா?"

அடுத்த அறையில் நடந்துகொண்டிருந்த ஜெபம் நின்றது. ஞானதாசன் வாசல் நிலையில் வந்து நின்றார். ஜெபகனி அவரைப் பார்க்கவில்லை. அருள்பாயின் காலடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைத்தான் பார்த்தாள். சொல்லிவிடலாம், அம்மா இல்லாவிட்டால் இதற்குள் சொல்லியிருப்பாள்.

தேவகனி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"ஏட்டி, ஜெபகனி. அந்தப் பிள்ள கேக்குல்லா? எனக்க மோள் என்ன சொன்னா?"

"அம்மா..."

"என்ன நெனச்சாண்ணு கேக்கல்ல. என்ன சொன்னா?"

ஜெபகனி சொன்னாள். குரல் உயரவில்லை. எழுதும்போது எப்படி எழுதினாளோ அப்படியே வந்தது. "பயமா இருக்குட்டிண்ணு சொன்னா. வண்டி வந்துட்டாண்ணு கேட்டா. அவருட்ட சொல்லு, ஜெபத்த வழியில பண்ணலாம்ணு சொன்னா. என்னையக் கொண்டு போங்கண்ணு எல்லாரையும் பாத்துச் சொன்னா. கடைசிவரைக்கும் அதத்தான் சொன்னா."

"ஜெபகனி, போதும்" என்றார் ஞானதாசன். "ஒரு தாய்க்க முன்னால..."

"மருமோனே, நீங்க சும்மா இருங்க." தேவகனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. "வேற?"

"மரச்சீனி அவிச்சியாண்ணு கேட்டா."

தேவகனியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "அவளுக்குப் பசிச்சிருக்கும்" என்றாள் மெதுவாக. பிறகு, "இல்ல, உனக்குப் பசிக்கும்ணு கேட்டாளோ என்னமோ" என்றாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கதவோரம் நின்றவனைப் பார்த்து அந்த அறை அதிரக் கத்தினாள்.

"லே ஜெயசிங்கே! முறுக்கினது போரும். கட்டில எடு."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஞானதாசன் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். ஜெயசிங் அவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு முற்றத்துக்குப் போய்த் தறிக்கூடத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கோலப்பனும் இன்னும் இருவரும் தறியை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கயிற்றுக்கட்டிலின் கால்களில் மூங்கிலைச் சேர்த்துக் கட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். கட்டில் நிலைக்கு நேராக வந்தபோது ஞானதாசன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கோலப்பன், "கொஞ்சம் மாறுங்க சார்" என்றான். அவர் மாறினார். சுவரோடு ஒட்டி நின்ற அவர் முகத்தில் என்ன இருந்தது என்று ஜெபகனி பார்க்கவில்லை. அருள்பாயைக் கிடத்துவதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை நேராக்குவதில் இருந்தாள்.

தேவகனி வரவில்லை. "நான் நடந்தா உங்களுக்குத் தாமசம்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டே முற்றத்தில் நின்றாள்.

வரப்பு வழியாகப் போனால் நெய்யூருக்குச் சீக்கிரம் போய்விடலாம். நாற்று பிடித்த வயல்களின் நடுவே ஜெயசிங்கோடு நாலு பேரும் காலை எட்டி வைத்துப் போனார்கள். மூங்கில் தோளில் கிரீச்சிட்டது. ஜெபகனி பக்கத்தில், வரப்புக்குக் கீழே வயல் சேற்றில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். சேலை முழங்கால்வரை சேறாயிற்று. வேளிமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அருள்பாய் கத்தவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டே கிடந்தாள். பயமா, நம்பிக்கையா, வலி ஓய்ந்த களைப்பா, எதையும் சொல்ல முடியாத கண்கள். ஜெபகனி அந்தக் கண்களிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் அருள்பாயின் உதடுகள் அசைந்தன. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"நில்லுங்க" என்றாள் ஜெபகனி. "ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்தப் பிள்ள என்னமோ சொல்லுகா."

நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் கட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். முதல் மழைத்துளிகள் வாய்க்காலில் விழுந்தன. ஜெபகனி ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எம்பி, அந்த வாய்க்கு அருகே தன் காதைக் கொண்டுபோனாள்.